இணையவழிக் கல்லூரிக் கற்பித்தலில் ஆசிரியர் – மாணவர் பிணைப்பு: தாயில்பட்டி வட்டாரச் சூழலை முன்வைத்து

முன்னுரை

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, தமிழகத்தில் இணையவழிக் கற்பித்தல் தவிர்க்க இயலாததாயிற்று. 2021 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி தரவை விலையின்றி வழங்கும் திட்டத்தை அறிவித்தது. எனினும் இணைய இணைப்பும் ஆசிரியர் – மாணவர் பிணைப்பும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டி வட்டாரச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இடைவெளியின் இயல்பு

தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தொலைவை நிலத்தொலைவாகக் கருதாமல் உளவியல், தொடர்பியல் இடைவெளியாகக் கருதினார். உரையாடல் குறைந்து பாட அமைப்பு இறுகும்போது இவ்விடைவெளி பெருகும் என்பது அவர் கருத்து. கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த வினவல் சமூகக் கோட்பாடு, கற்பித்தல் இருப்பு, அறிதல் இருப்பு ஆகியவற்றோடு சமூக இருப்பையும் வலியுறுத்துகிறது. கற்போர் தம்மை உண்மையான மனிதராகப் பிறர்முன் வெளிப்படுத்தும் நிலையே சமூக இருப்பாகும்.

வட்டாரச் சூழல்

தாயில்பட்டி, பட்டாசுத் தொழில் நடைபெறும் கரிசல் பகுதியைச் சார்ந்த ஊர். வெயிலில் உலர்த்துதல் முதலிய பணிகள் பகலையே நம்பியுள்ளன. எனவே வகுப்பு நேரமும் வேலை நேரமும் ஒன்றாகின்றன. ஒரே கைபேசியைக் குடும்பத்தினர் அனைவரும் பகிரும் வீட்டில், மாணவர் நேரலை வகுப்பை இழக்க நேரிடும். ஓரறை வீட்டிலிருந்து கற்பவர் கேமராவை இயக்கத் தயங்குவார். இம்மௌனத்தை ஆர்வமின்மை எனக் கொள்வது பிழையாகும். எவரும் தேடாத மாணவர் படிப்படியாக விலகுவார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கூலிவேலை அருகிலேயே காத்திருக்கும் ஊரில், அவ்விலகல் இடைநிற்றலாக முடியக்கூடும்.

பிணைப்பை உருவாக்கும் வழிகள்

முதலாவது, நேரலை வகுப்பின் சாரத்தைச் சில நிமிடக் குரல்பதிவாக வாட்ஸ்அப் வழியே அனுப்பலாம். அது குறைந்த தரவில் இயங்கும்; கைபேசி கைக்கு வரும் இரவிலும் கேட்க இயலும்.

இரண்டாவது, கேமராவைக் கட்டாயமாக்காமல், குரல்வழி விடையையும் எழுத்துவழி விடையையும் பங்கேற்பாக ஏற்கவேண்டும். விடையளித்த மாணவரைப் பெயர்சொல்லி விளித்து, அவர் கருத்திலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்குவது உரையாடலை வளர்க்கும். தொடர்ந்து வராதவரை ஆசிரியரே தொலைபேசியில் அழைத்துப் பேசுவதும் இன்றியமையாதது.

மூன்றாவது, மாணவரின் வாழ்விடத்தையே பாடமாக்கலாம். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை அறிமுகப்படுத்தும் ஆசிரியர், 'திரி', 'சரம்' போன்ற பட்டாசுத் தொழிற்சொற்களைக் குடும்பத்தாரிடம் கேட்டுக் குரல்பதிவுகளுடன் திரட்டுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். அப்போது வீட்டின் தொழிலறிவு வகுப்பிற்குள் நுழைகிறது. ஆசிரியர் அறியாத சொல்லை மாணவர் கற்பிக்கிறார். கேட்பவராக மட்டும் இருந்தவர் அறிவை வழங்குபவராகும் இம்மாற்றமே ஈடுபாட்டின் அடிப்படை.

முடிவுரை

தரவை அரசு வழங்க இயலும். செயலியை நிறுவனம் வழங்க இயலும். மாணவர் தாம் கவனிக்கப்படுவதாக உணரும் நிலையை ஆசிரியர் மட்டுமே உருவாக்க இயலும். ஆகவே இணையவழி வகுப்பின் வெற்றியை வருகைப்பதிவின் எண்ணிக்கையால் அன்றி, மௌனமாயிருந்த மாணவர்களுள் எத்தனை பேர் பேசத் தொடங்கினர் என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே பொருத்தமாகும்.