தரைக் கறைக்கு ஆசிட் மருந்தாகாது

எண்ணெய் டின் ஒழுகாத மளிகைக் கடை கிடையாது. நம் கடையில் நடப்பதே வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையிலும் நடக்கிறது. கறை படிந்ததும் அவர்கள் நேரே நம்மிடம் வந்து, "ஒரு பாட்டில் ஆசிட் கொடுங்கள்" என்கிறார்கள். எடுத்துக் கொடுப்பதற்கு முன், "வீட்டில் என்ன தரை?" என்று ஒரு வார்த்தை நாம் கேட்க வேண்டும்.

பளிங்கு, மொசைக், கடப்பாக் கல், சிமெண்டுத் தரை ஆகிய எல்லாவற்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆசிட் பட்டதும் நுரை பொங்குகிறதே, அது அழுக்கு கழல்வதால் வருவதல்ல. தரையே கரைவதால் வருவது. கறையோடு மெருகும் போய்விடும். மெருகு போன தரை முன்னிலும் வேகமாக அழுக்கை இழுக்கும். டைல்ஸ் தரையிலோ இணைப்புச் சிமெண்டு அரிபட்டு, உள்ளே நீர் இறங்கும். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, வினிகர் சிந்தினால்கூடப் பளிங்கில் மங்கல் விழும். உடனே துடைத்துவிட வேண்டும்.

எண்ணெய், நெய் சிந்தினால் முதலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எண்ணெய் பரவும். மரத்தூள், தவிடு, சாம்பல் இவற்றில் கையில் கிடைத்ததைத் தூவி, ஊறிய பின் கூட்டி அள்ள வேண்டும். பிறகு சிமெண்டுத் தரையானால் வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தேய்க்கலாம். பளிங்குக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். அள்ளிய மரத்தூளைக் கிடங்கு மூலையில் குவித்து வைக்கக் கூடாது. சில எண்ணெய்கள் ஊறிய குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு. சர்க்கரைப் பாகு, வெல்லம் ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். வெந்நீர்த் துணியைச் சிறிது நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும்.

சிறு வெடிப்பையும் அலட்சியம் செய்யலாகாது. மூட்டை சுமந்து வருபவரின் கால் அதில் தட்டினால் இழப்பு பெரிது. வெடிப்பிலுள்ள தூசியை நன்றாகச் சுரண்டி எடுத்து, நனைத்து, சிமெண்டுக் குழம்பை அழுத்தி நிரப்ப வேண்டும். சிவப்புத் தரைக்குக் காவித்தூள் சேர்க்க வேண்டும். ஈரத்தில் நிறம் அடர்ந்து தெரியும். ஆகவே ஓரிடத்தில் பூசி, உலர்ந்த பின் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஈரச் சாக்குப் போட்டு 7 நாட்கள் காய விடாமல் காத்தால் பிடிமானம் உறுதியாகும். டைல்ஸ் இணைப்புக்கு வெள்ளைச் சிமெண்டு ஏற்றது.

இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிரையே பறிக்கும்.

சட்டமும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, ஆசிட் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, காரணம் எழுதி, அரசு அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

ஒரு பாட்டிலில் கிடைப்பது சில ரூபாய் லாபம். "இது வேண்டாம்மா, சோடாவே போதும்" என்று சொல்லி அனுப்பினால், அடுத்த மாதச் சாமான் பட்டியலும் நம் கடைக்கே வரும்.