வைரம் பாயாத மரமும் நெடுநாள் வாழும்

மரத்தின் உள்ளீட்டைத் தமிழர் 'காழ்' என்றனர். 'வைரம்' என்பது அதற்கு வழங்கும் மற்றொரு பெயர். வைரமற்ற பகுதி 'வெளிறு'. தொல்காப்பிய மரபியல், உள்ளே காழுடையதை மரம் என்றும் வெளியே காழுடையதைப் புல் என்றும் பகுக்கிறது. வைரம் என்னும் சொல்லில் உறுதி, நீடித்த வாழ்நாள் ஆகிய இரு கருத்துகளை நாம் ஒன்றாகவே கொள்கிறோம். இன்றைய மர அறிவியல் அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

இந்நாட்டுச் செங்கால் மரத்தில் இரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. இரயில்பாதையின் சிலிப்பர் கட்டைக்கும் பாலத்திற்கும் அது பெயர் பெற்றது. அதன் வைரப் பகுதியில் இயற்கையாகச் சேர்ந்துள்ள வேதிப்பொருள்கள் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கின்றன. தோட்டத்து மக்கள் 'பால்மரம்' எனும் இரப்பர்மரமோ மாவுச்சத்து மிகுந்தது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் துளைக்கும் வண்டும் அதைப் பற்றும். எனவே, அழுத்தக் கலனில் போரான் உப்புக் கரைசலை மரத்தினுள் செலுத்தி, பின்னர்ச் சூளையில் உலர்த்துகின்றனர். விறகாய் எரிந்த மரம் இன்று நாற்காலியும் மேசையுமாகிறது. ஆயினும் போரான் மழையில் கரைந்து வெளியேறிவிடும். கிள்ளானில் வானம் பார்த்த வாசற்படிக்கு அம்மரம் உதவாது.

மழையில் கரையாத மருந்தும் உண்டு. இந்திய அறிவியலாளர் சோந்தி காமேசன் 1933இல் தேராதூன் வன ஆய்வு நிலையத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் கலவையை உருவாக்கினார். உலகெங்கும் பரவிய அக்கலவை, ஆர்சனிக்கின் நச்சுத்தன்மை கருதிப் பல நாடுகளில் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

நஞ்சு சேர்க்காமல் மரத்தின் இயல்பையே மாற்றுவது மூன்றாம் வழி. இது பெரிதும் பைன் போன்ற மென்மரங்களுக்குரியது. மென்மரம் என்பது ஊசியிலை மரவகையின் பெயரேயன்றி மென்மையின் அளவன்று என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் நன்று. இவ்வகைப்பாட்டில் இரப்பர்மரம் வன்மரமே. மரத்தின் செல்சுவரிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்க்கின்றன. ஈரம் ஏறினால் மரம் உப்பும். ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பைன் மரத்தில் அசிட்டிக் நீரிலியைச் செலுத்திச் சூடாக்கினால், அத்தொகுதிகளில் பலவற்றின் இடத்தை அசிட்டைல் தொகுதிகள் கொள்கின்றன. நீருக்கு இடமின்றிப் போகவே மரம் உப்புவதும் மக்குவதும் வெகுவாய்க் குறைகின்றன. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் 2007 முதல் இம்முறை வணிக அளவில் நடைபெறுகிறது. பின்லாந்தில் வளர்ந்த இன்னொரு முறையில், மரம் எரியாதவாறு நீராவி சூழ ஏறத்தாழ 190 முதல் 212 பாகை வெப்பத்தில் வைக்கப்படுகிறது.

இங்கேதான் சொல்லாட்சியில் கவனம் தேவை. வெப்பமூட்டிய மரம் மக்குவதை எதிர்க்கும். ஆனால் நொறுங்கும் தன்மை மிகுவதால் பாரந்தாங்கும் தூணுக்கும் உத்திரத்திற்கும் ஏற்றதன்று. கறையானை அது நம்பத்தக்கவாறு தடுப்பதுமில்லை. கறையான் மிகுந்த நம் நாட்டில் இதை மறத்தலாகாது. அதனை 'வைரமேறிய மரம்' என மொழிபெயர்த்தால், படிப்பவர் அதன்மேல் கூரையையே ஏற்றிவிடக்கூடும்.

ஆகவே, மருந்து செலுத்துவதைப் 'பதப்படுத்தல்' என்றும் இயல்பை மாற்றுவதைப் 'பண்பு மாற்றல்' என்றும் வேறுபடுத்தி வழங்கலாம். 'வைரம்' என்னும் சொல்லை, செங்காலைப் போல் உறுதியும் நீடிப்பும் தானே பெற்ற மரத்திற்கே உரிமையாக்குவோம்.