ரூட்டர் பராமரிப்புக்குத் தனி வழி

மாவட்டக் கருவூலமாயினும், வட்டாட்சியர் அலுவலகமாயினும், சார்பதிவாளர் அலுவலகமாயினும், இன்று அதன் அன்றாடப் பணி ஒரு தகவல் தொடர்பு இணைப்பை நம்பியே நடைபெறுகிறது. 1976 ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையம் அமைக்கப்பட்டது. எண்பதுகளின் பிற்பகுதியில் அது நிக்நெட் என்னும் வலையமைப்பைத் துணைக்கோள் வழியாக மாவட்டங்கள் வரை கொண்டு சென்றது. 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாற்றப்பட்ட திட்டம், ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பியால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டது. இத்திட்டங்களைப் பற்றிப் பேசும்போது எத்தனை கிலோமீட்டர் கம்பி இடப்பட்டது என்று கேட்கிறோம். இணைப்பு அறுந்தபின் அதைச் செப்பனிட வேண்டிய பொறியாளர் எவ்வழியாக உள்ளே நுழைவார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

ரூட்டர் அல்லது திசைவி என்பது வலையமைப்புகள் கூடும் சந்தியில் நிற்கும் கருவியாகும். அஞ்சல் பிரிப்பகத்தில் கடிதங்கள் ஊர்வாரியாகப் பிரிக்கப்படுவதைப் போல, வந்து சேரும் தகவல் பொட்டலங்களின் முகவரியைப் பார்த்து, எந்தக் கம்பி வழியே அவற்றை அனுப்புவது என்று அது முடிவு செய்கிறது. அதற்கு வேண்டிய கட்டளைகளைத் தலைமையகத்திலுள்ள பொறியாளர் இடுகிறார். வழக்கமாக அக்கட்டளைகளும், அலுவலகத்தின் மற்றத் தகவல்கள் செல்லும் அதே பாதையிலேயே செல்கின்றன. பாதை நன்றாக இருக்கும் வரை இதில் தொல்லை இல்லை. ஆனால் ஒரு முகவரி பிழையாக எழுதப்பட்டாலோ, ஒரு தடுப்பு விதி தவறான இடத்தில் அமைந்துவிட்டாலோ, கட்டளை இட்டவரின் இணைப்பே முதலில் அறுந்துவிடக்கூடும். நுனிக்கொம்பில் அமர்ந்து அடிக்கொம்பை வெட்டியவன் நிலைதான். பிழை இன்னதென்று அவருக்குத் தெரியும்; திருத்தும் கட்டளையும் தெரியும்; அதனை அனுப்ப வழி இராது.

இது சிறு அலுவலகங்களுக்கே உரிய இடர் அன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் பணிகள் உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் நின்றுபோயின. வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. அவசரத்துக்கென வைத்திருந்த மாற்று வழியும் அன்று பயன்படவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நின்றபோது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். அந்நாட்டில் டெபிட் அட்டை வழியாகப் பணம் செலுத்துவதும் தடைப்பட்டது. ஒரு ரூட்டரின் வடிகட்டு விதி நீக்கப்பட்டதே தொடக்கக் காரணம். அதனைக் கண்டறிவது தாமதமானதற்கு வேறொரு காரணம் உண்டு. பராமரிப்புக்கென இருந்த வலையமைப்பு, பழுதான மைய வலையமைப்பையே சார்ந்திருந்தது. ஊழியர்களின் கைப்பேசிகளும் அதே நிறுவனத்தின் சேவையில் இருந்தமையால் ஒருவரோடொருவர் பேசவும் இயலவில்லை. மாற்றுவழி என்று பெயரளவில் இருந்தால் போதாது. முதல் வழி விழும்போது அதுவும் சேர்ந்து விழாதிருத்தல் வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

இத்தகைய தனி வழிக்கு அடிப்படையானது, பெரும்பாலான ரூட்டர்களில் அமைந்துள்ள கன்சோல் போர்ட் எனப்படும் சிறிய இணைப்பு வாயிலாகும். இது சீரியல் முறையில், அதாவது ஓர் எழுத்துக்குரிய துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும் முறையில் இயங்குகிறது. இதற்கு அடிப்படையான ஆர்.எஸ்.232 தரம் 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. பல ரூட்டர்களில் இதன் இயல்பான வேகம் வினாடிக்கு 9600 துண்டுகள். தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 துண்டுகள் வேண்டியிருப்பதால் வினாடிக்கு 960 எழுத்துகள் செல்லும். இன்றைய அளவுகோலில் இது ஆமை வேகம்தான். எனினும் கட்டளை இடுவதற்கு இது தாராளமாகப் போதும். இவ்வாயிலுக்கு முகவரி தேவையில்லை, பாதை அட்டவணை தேவையில்லை. ரூட்டரின் மென்பொருளே சிதைந்து போனாலும், மின்சாரம் வந்தவுடன் கருவி தன்னைத் தானே சோதிக்கும்போது வெளியிடும் செய்திகள் இதில் தெரியும். வலையமைப்பு வழியாக நுழைபவர் இச்செய்திகளை ஒருபோதும் காண இயலாது.

ஆனால் இக்கம்பியின் எட்டும் தொலைவு பழைய தரத்தின்படி சுமார் 15 மீட்டர் மட்டுமே. தலைநகரில் இருப்பவர் இதனை அடைய வேண்டுமாயின் ரூட்டரின் அருகிலேயே ஓர் இடைக்கருவி வேண்டும். கன்சோல் சர்வர் எனப்படும் இக்கருவியின் ஒரு பக்கத்தில் 8, 16 அல்லது 32 சீரியல் வாய்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ரூட்டரின் கன்சோலுடன் இணைக்கப்படும். ஒருவர் அனுப்பும் கம்பி மற்றவர் பெறும் கம்பியாக மாறி அமைதல் இங்கு இன்றியமையாதது. திரையில் எதுவுமே தோன்றாவிடில் இம்மாற்றத்தையும், பொருளற்ற குறிகள் தோன்றினால் இருபுற வேகத்தையும் முதலில் ஐயுறுதல் நலம். மறுபக்கத்தில் இக்கருவி வெளியுலகோடு பேச ஓர் இணைப்பு வேண்டும். முன்பு இதற்குத் தொலைபேசிக் கம்பியும் மோடமும் பயன்பட்டன. இப்போது பெரும்பாலும் சிம் அட்டை பொருத்திய 4ஜி மோடம் பயன்படுகிறது. அந்தச் சிம் அட்டை, அலுவலகத்தின் முதன்மை இணைப்பை வழங்கும் நிறுவனத்தினுடையதாக இருத்தல் கூடாது. கைப்பேசி நிறுவனங்கள் பொதுவாக வெளியிலிருந்து நேரே அழைக்கத்தக்க தனி முகவரியை இத்தகைய இணைப்புகளுக்கு வழங்குவதில்லை. ஆதலின் கன்சோல் சர்வரே தலைமையகத்தை நோக்கி மறைக்குறியிட்ட பாதை ஒன்றைத் தானாக அமைத்துக்கொள்ளுமாறு செய்வது வழக்கம். இவையனைத்தும் மின்சேமிப்புக் கருவியின் துணையில் இயங்குதல் வேண்டும். மின்தடை வந்தால் மீட்புக் கருவி முதலில் அணைந்துவிடும் அலுவலகங்களும் உண்டு.

இரண்டே ரூட்டர்கள் உள்ள இடத்தில் இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. சில வகை ரூட்டர்களில் கன்சோலை அடுத்து மற்றொரு துணைச் சீரியல் வாயில் உண்டு. ஒன்றின் துணை வாயிலை மற்றதன் கன்சோலுடனும், மற்றதன் துணை வாயிலை இதன் கன்சோலுடனும் இணைத்துவிட்டால், வெவ்வேறு இணைப்புகளில் உள்ள அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று காவலாகும். செலவு இரண்டு கம்பிகளின் விலைதான்.

கன்சோலை அடைந்தவர் ஏறத்தாழக் கருவியின் முன் நேரில் அமர்ந்தவரே ஆவார். பல வகை ரூட்டர்களில், மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்து, தொடக்க வினாடிகளில் ஒரு குறிப்பிட்ட குறியை அனுப்பினால் கடவுச்சொல்லையே தாண்டிச் செல்லலாம். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்க அமைந்த வசதி இது. தீயோருக்கும் இதே வசதி. ஆகவே கன்சோல் சர்வருக்குள் நுழைவதற்குத் தனித்தனிப் பெயரும் இரட்டைச் சரிபார்ப்பும் வேண்டும். அலுவலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் ஆகாது. வெளியேறாமல் எழுந்து செல்பவரின் அதிகாரம் அடுத்து வருபவருக்குக் கிடைத்துவிடும். இதைத் தடுக்கச் சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு ரூட்டரில் உண்டு. வசதி கருதி அதனை நீக்கிவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, அரசு அமைப்புகள் உட்படப் பலரும் தம் கணிப்பொறி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும் என்கிறது. கன்சோல் வழியே யார் வந்தார், என்ன செய்தார் என்னும் பதிவையும் இதில் சேர்த்தே கருத வேண்டும்.

பொருளியல் நோக்கில் இங்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இவ்வழிக்கான செலவு மாதந்தோறும் ஒரு கணக்குத் தலைப்பில் தெரிகிறது. இதனால் தவிர்க்கப்படும் இழப்போ எந்தத் தலைப்பிலும் தெரிவதில்லை. ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் முதியவரின் நாள் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. இக்கட்டுரையாளர் பல ஆண்டுகளுக்கு முன் பணியாற்றிய மலைப்பகுதி அலுவலகம் ஒன்றில் ரூட்டருடன் மோடமும் தனித் தொலைபேசியும் இருந்தன. சிக்கன நடவடிக்கையின்போது அத்தொலைபேசியின் கட்டணச் சீட்டுகள் ஆராயப்பட்டன. வாடகை உண்டு, அழைப்பு ஒன்றுகூட இல்லை. ஒப்படைத்துவிடலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். மோடம் மட்டும் விளக்கு எரிந்தபடி அலமாரியில் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில், மாதக் கடைசி வாரத்தில், தலைமையகத்தில் இடப்பட்ட ஒரு வரியால் இணைப்பு அறுந்தது. மலைப்பாதையில் மண் சரிந்திருந்தமையால் பொறியாளர் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். கன்சோலில் கம்பியைச் செருகி அவ்வரியைத் திருத்த அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சம்பளப் பட்டியல்களும் ஓய்வூதியப் பட்டியல்களும் அந்த மூன்று நாட்களும் மேசையில் கிடந்தன. அவருடைய பயணப்படிப் பட்டியல் எவ்வித ஆட்சேபணையும் இன்றி ஏற்கப்பட்டது.

தீயணைப்புக் குழாயில் ஆண்டு முழுவதும் நீர் ஓடவில்லை என்று எவரும் அதனைக் கழற்றுவதில்லை. கன்சோல் இணைப்பை அவ்வாறு கருதுவதற்கு அதன் கோப்பிலேயே வழி செய்யலாம். அனுமதி ஆணையில் இது அவசர மீட்புக்கான இணைப்பு, பயன்பாட்டளவு இதற்கு அளவுகோல் அன்று என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், பின்னர் வரும் தணிக்கையாளரும் அதனை ஏற்பார். அதனுடன் மாதம் ஒரு நாள் குறித்து, முதன்மை இணைப்பைத் தொடாமல், இவ்வழியாகவே ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் நுழைந்து பார்த்து, நாளையும் நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சிம் அட்டையின் கட்டணக் காலம் முடிந்துவிட்டதும், யாரோ கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் செருகியதும் அந்த நாளில்தான் தெரிய வரும்.