கற்றூண்கள் தாங்கும் வரலாறு

நுழையும்முன்
ஒரு துறைமுகத்தின் முழு வரலாற்றையும் அதன் பெயர் சொல்லிவிடுவதில்லை. அதனைக் கட்டியவர் யார், காத்தவர் யார் என வினவும்போதே மறைந்த பக்கங்கள் திறக்கின்றன. கரீபியத் தீவுகளுள் ஒன்றான ஆண்டிகுவாவிற்குப் பாய்மரப் படகில் செல்வோர் காணும் துறைமுகம் ஒன்றை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

காற்றும் கரையும்
கரீபியக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் சந்திக்கும் இடத்தில் அமைந்தது ஆண்டிகுவா. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, இங்கு வரும் பாய்மரப் படகுகளுக்குத் துணைநிற்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை ‘ஹரிக்கேன்’ என்னும் சூறாவளிக் காலம். ஆகவே, படகில் வருவோர் டிசம்பருக்குப் பிந்தைய மாதங்களையே பெரிதும் விரும்புவர்.

தீவின் தென்கரையில் ‘இங்கிலீஷ் ஹார்பர்’ என்னும் இயற்கைத் துறைமுகம் உள்ளது. குறுகிய வாயிலைக் கடந்து உள்ளே திரும்பினால் அமைதியான நீர்ப்பரப்பு விரியும். சூழ்ந்துள்ள குன்றுகள் காற்றைத் தடுக்கின்றன. வளைந்த வாயில் அலைகளின் வேகத்தைத் தணிக்கிறது.

கொடி கூறும் செய்தி
வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதலில் மஞ்சள் கொடியை ஏற்றுகிறது. ‘எம் கலத்தில் தொற்றுநோய் இல்லை, நுழைய இசைவு வேண்டும்’ என்பது அதன் பொருள். படகின் தலைவர் மட்டும் கரையேறிச் சுங்கம், குடியேற்றம், துறைமுகம் ஆகிய அலுவலர்களிடம் ஆவணங்களைக் காட்டுவார். இசைவு கிடைத்ததும் மஞ்சள் கொடி இறங்கும். பாய்மரத்தின் வலப்புறம் ஆண்டிகுவா பார்புடா நாட்டின் கொடி ஏறும். இது விருந்தினர் அந்நாட்டிற்குச் செலுத்தும் மரியாதை.

பெயரும் உழைப்பும்
கரும்புத் தோட்டங்களால் செல்வம் ஈட்டித்தந்த தீவுகளைக் காக்க, 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் கடற்படை இங்குக் கப்பல் தளம் அமைத்தது. வெப்பக் கடலில் மரக்கப்பல்களின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படியும். புழுக்கள் மரத்தைத் துளைக்கும். எனவே, பலர் கூடிச் சுற்றும் உருளைகளால் கயிறுகளை இழுத்து, கப்பலை ஒருபுறம் சாய்த்துச் செப்பனிட்டனர். பாய் தைக்கும் கூடத்தைத் தாங்கிய பருத்த கற்றூண்கள், கூரையை இழந்தும் இன்றும் நிற்கின்றன.

இவ்விடம் ‘நெல்சன் கப்பல் தளம்’ என்றே புகழ்பெற்றது. ஆயினும், கடற்படைத் தலைவர் நெல்சன் இப்பகுதியில் பணியாற்றியது 1784 முதல் 1787 வரை மட்டுமே. தளமோ அவர் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே தோன்றியது. கல் சுமந்து, சுவர் எழுப்பி, கப்பல்களைப் பழுதுபார்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். அவர்களுக்குத் தளத்தின் பெயரில் இடமில்லை.

ஆண்டிகுவாவில் 1834இல் அடிமைமுறை ஒழிந்தது. 1889இல் கடற்படை இத்தளத்தைக் கைவிட்டது. பழுதடைந்த கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டன. 1981இல் நாடு விடுதலை பெற்றது. 2016இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, ‘ஆண்டிகுவா கடற்படைக் கப்பல் தளம்’ என்றே பெயர் குறித்தது. அடிமைப்பட்ட ஆப்பிரிக்கரின் உழைப்பின்றி இத்தளம் உருவாகியிருக்க இயலாது என்றும் பதிவுசெய்தது.

இன்று வரும் படகுகள் முன்புறம் நங்கூரமிட்டு, பின்புறத்தை அதே பழைய கரைச்சுவரில் கட்டுகின்றன. அக்கயிற்றைக் கட்டுவோர், சுவரை எழுப்பிய கைகளையும் நினைவுகூர்தல் வேண்டும். மஞ்சள் கொடியை இறக்கி அந்நாட்டுக் கொடியை ஏற்றுவதன் மெய்ப்பொருளும் அதுவே.