பூட்டிவைத்த பணம்

"பார்சல் வந்திருக்காம், இரண்டு வெள்ளி கட்டணுமாம்," என்று அம்மா கைப்பேசியை நீட்டினார். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் திறந்து, அட்டை எண்ணைப் பாதிவரை தட்டியிருந்தார். பிடுங்காத குறையாக வாங்கி, ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்தேன். மோசடியேதான்.

அன்று மாலையே அம்மாவின் சேமிப்பில் பெரும்பகுதியைப் பூட்டினோம். 2023 நவம்பரில் உள்ளூர் வங்கிகள் மூன்றும் கொண்டுவந்த வசதி இது. பூட்டிய தொகையை இணையம்வழி யாரும் மாற்ற முடியாது, கணக்குக்குரியவரே ஆனாலும். திறக்கக் கிளைக்கு நேரில் போகவேண்டும். சில வங்கிகளில் ஏடிஎம் போதும். வட்டி வழக்கம்போல் வரும்.

எனக்குப் பிடித்ததே அந்தச் சிரமம்தான். அவசரப்படுத்துவதுதானே மோசடிக்காரர்களின் பிழைப்பு? வரிசையில் நிற்கும் நேரத்தில் புத்தி தெளிந்துவிடும்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "தீபாவளிச் செலவுக்கு வெளியே எவ்வளவு வச்சிருக்கே?"