வளிச்சீராக்கியும் அதன் வாயுவும்

மண்பானையிலிட்ட நீர் குளிர்வதன் காரணத்தை நாம் கீழ்வகுப்பிலேயே கற்றோம். பானையின் நுண்டுளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்பொழுது, அதற்கு வேண்டிய மறைவெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்தே கவர்ந்துகொள்கின்றது. இன்று பல வீடுகளிற் சுவரேறியிருக்கும் வளிச்சீராக்கியும் இவ்விதிக்கு அடங்கியதே. ஆயின், பானையின் ஆவி வெளியே போய்விடும். வளிச்சீராக்கியின் திரவமோ மூடிய குழாய்க்குள்ளேயே ஆவியாகி, அறையின் வெப்பத்தை உண்டு, வெளியிலுள்ள அமுக்கியால் நெருக்கப்பட்டு, அவ்வெப்பத்தை ஆங்கே உமிழ்ந்து, மீண்டும் திரவமாகித் திரும்புகின்றது. அதனைக் குளிரூட்டி என்பர். கடைத்தெருவில் அதற்குப் பெயர் 'காஸ்'.

இங்ஙனம் சுற்றிவரும் பொருள் செலவழிவதில்லை. "காஸ் முடிஞ்சுபோச்சு, அடிக்க வேணும்" என்று ஆண்டுதோறும் கேட்கின்றோமே, அது முடிந்ததன்று, ஒழுகியது. ஒழுகியது எங்கே போயிற்று என்பதே சர்வதேசச் சட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படையான வினா.

ஆதியிற் பயன்பட்ட அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு என்பன நச்சுத்தன்மை வாய்ந்தவை. அவற்றுக்கு மாற்றாக 1928 இல் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லியும் அவர் துணைவரும் குளோரோபுளோரோகாபன்களைக் கண்டனர். 1930 இல் மிட்ஜ்லி இரசாயனர் சபையொன்றில் அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, வெளியே ஊதி, எரியும் மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமன்று, எரிவதுமன்று! உலகம் வியந்து ஏற்றுக்கொண்டது. எதனோடும் எளிதிற் சேராது நிலைத்திருக்கும் அக்குணமே குற்றமாயிற்று. அவ்வாயு அழியாது மேல்வளிமண்டலம் வரை ஏறி, அங்கே ஊதாக்கடந்த கதிராற் பிளவுண்டு, குளோரீனை விடுத்து, எம்மைக் காக்கும் ஓசோனைச் சிதைக்குமென 1974 இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் எடுத்துரைத்தனர். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் மெலிந்திருத்தல் வெளிப்பட்டது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1989 இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது.

பின்னர், ஓசோனுக்குக் குறைந்த தீங்கு விளைக்கும் ஆர்-22 பெருவழக்காயிற்று. வளர்முக நாடுகள் அதனையும் 2030 இல் நிறுத்தல் வேண்டும். பழைய பொறிகளைத் திருத்துதற்கு மாத்திரம் சிறிதளவு பின்னும் இடமுண்டு. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ குளோரீன் அற்றது. ஓசோனுக்குக் கேடில்லை, புவியைச் சூடாக்குவதிலோ முன்னையதினும் வலியது. காபனீரொட்சைட்டின் ஆற்றலை 1 என வைத்து நூறாண்டுக்குக் கணிக்கும்போது ஆர்-22 க்கு 1810, ஆர்-410ஏ க்கு 2088. ஆகவே 2016 இல் கிகாலி நகரிற் கூடிய நாடுகள் உடன்படிக்கையைத் திருத்தின. இதன்படி இலங்கை உள்ளிட்ட நாடுகள் இவ்வினத்தின் அளவை 2024 முதல் மிகாது நிறுத்தி, 2029 இல் 10 வீதமும் 2045 இல் 80 வீதமும் குறைத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ 2025 முதல், 3 கிலோகிராமுக்குக் குறைந்த வாயு கொண்ட தனியறைப் பொறிகளில் 750 ஐ எட்டும் வாயுக்களைத் தடுத்துவிட்டது.

எஞ்சுவன யாவை? ஆர்-32 க்கு 675. ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கு ஏறத்தாழ 3. பின்னையது அடுப்பெரிக்கும் வாயுவின் இனமேயாம். ஆர்-32 மெல்ல எரியும். வளியில் ஏறக்குறைய 14 வீதம் கலந்தாலன்றித் தீப்பற்றாது. புரொப்பேனுக்கு 2 வீதமே போதும். வளியினும் பாரமாதலால் தரையில் தங்கும். இதனாலேயே அறையின் பரப்புக்கேற்ப வாயுவின் நிறையை விதிகள் வரையறுக்கின்றன. அதற்கென அமைந்த பொறியில் அஃது அஞ்சத்தக்கதன்று. பழைய ஆர்-22 பொறியில், 'இதுவும் குளிரும், மலிவு' என்று புரொப்பேனை அடிப்பதே ஆபத்து: அப்பொறியின் மின்னாளிகள் தீப்பொறி காவாதவை. அடுத்துத் திருத்த வருபவன் உள்ளிருப்பது இன்னதென்றறியாது ஒட்டுதற்குத் தீ மூட்டுவான். ஆர்-32 ஐயும் அங்ஙனம் மாற்றி அடித்தலாகாது. அதன் அமுக்கம் ஆர்-22 இன் அமுக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது.

துறைமுகத்தில் இறக்குமதியைத் தடுக்கச் சட்டத்தால் இயலும். எம் முற்றத்தில் அதற்குக் கண்ணில்லை. எமது பழைய பொறியைக் கழற்ற வந்தவர் குழாயைத் தளர்த்தியதும் பெருஞ்சீற்றத்தோடு வாயு வெளியேறிற்று. மீட்டெடுக்கும் பொறியும் வெற்று உருளையும் அவரிடம் இருக்கவில்லை. "பயப்பிடாதையுங்கோ ஐயா, இது நஞ்சில்லை" என்றார். மிட்ஜ்லியின் மெழுகுதிரி எம் நினைவுக்கு வந்தது. போனது ஒரு கிலோகிராம் என்று கொண்டால், ஏறத்தாழ 780 லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமம்.

புதிய பொறியைப் பூட்டியவர் வேறொருவர், இளைஞர். குழாயில் முதலில் நைதரசனை நிரப்பி, மூட்டுதோறும் சவர்க்கார நுரையைத் தடவி, குனிந்தபடி நெடுநேரம் பார்த்திருந்தார். வேலை மந்தமென்று நாமும் சற்றே சலித்தோம். மூன்றாம் மூட்டிற் சிறு குமிழியொன்று எழுந்தது. அதனை இறுக்கி, மறுபடியும் நுரை தடவினார்.