பாட்டி வைத்தியமும் நான் இழந்த பல்லும்

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கையில் என் ஈறுகளில் இரத்தம் கசியத் தொடங்கியது. ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி சொல்லித் தந்த வைத்தியம் கைவசம் இருக்கையில் பல் மருத்துவர் எதற்கு என்று எண்ணினேன்.

அவ்வைத்தியம் வெறும் நம்பிக்கையன்று. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்பது நம் பழமொழி. இவற்றின் துவர்ப்புக்குக் காரணமான 'டானின்' வீங்கிய ஈற்றைச் சுருங்கச் செய்யும். பாட்டி, தோட்டத்துக் கோவிலருகே நின்ற வேப்பமரத்தில் குச்சி ஒடிப்பார். மென்றால் அதன் நார் தூரிகைபோல் விரிந்து பல்லைத் துலக்கும். சாறு கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்தும். என் மலாய் அறைத்தோழரின் 'காயு சுகி'யும் அத்தகையதே. அது சங்கப் பாடல்களில் வரும் உகாய் மரத்தின் குச்சி எனப் பின்னர் அறிந்து வியந்தேன்! கிராம்பிலுள்ள 'யூஜினால்' நரம்பை மரக்கச் செய்து வலியைத் தணிக்கும். ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சூடு பொறுக்கும் பதத்தில் கொப்பளித்தால் வீக்கம் குறையும்.

கிராம்பும் உப்புநீரும் எனக்குக் கைகொடுத்தன. வலி விட்டது, நோய் விடவில்லை. இறுதியாண்டில் கடைவாய்ப்பல் ஆடிய பிறகே மருத்துவரிடம் ஓடினேன். பல்லில் படியும் அழுக்குப் படலம் சில நாள்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். அதை எந்த மூலிகையும் கரைக்காது, கருவியால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும் என்று அவர் விளக்கினார். அதற்குள் பல்லைத் தாங்கிய எலும்பு தேய்ந்துவிட்டது. தேய்ந்த எலும்பு தானாக வளராது. பல்லை இழந்தேன்.

பாட்டியின் பழக்கங்களில் இரண்டை நாம் கைவிடத்தான் வேண்டும். ஒன்று, கரியும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது. அது பல்லின் மேற்பூச்சான எனாமலை அரித்துவிடும். மற்றொன்று, வெற்றிலைபாக்கு. புகையிலை சேராவிட்டாலும் அது வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதிப்படுத்தியது. மலேசியாவில் இந்தியரிடையே இந்நோய் கூடுதலாக இருப்பதற்கு இப்பழக்கமும் ஒரு காரணம்.

ஆகவே நண்பர்களே, வேம்பையும் கிராம்பையும் மறக்கவேண்டாம். அவற்றைத் துணையாகக் கொள்ளுங்கள். ஈற்றில் இரத்தக் கசிவு தொடர்ந்தாலும், வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரை நாடுங்கள். பாட்டியின் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரசர்தான் இருந்தார்; பல் மருத்துவர் இல்லை. நமக்கோ, பேருந்து ஏறினால் போதும்.